330 சென்டிமீட்டர்

நம்ம மெஸ்ஸுக்கு வரும் காய்கறி மூட்டையை எப்பவாவது பிரித்துப் பார்த்திருக்கீங்களா? கேரட் மூட்டையில் கையை விட்டால் சிலது பேன்ட் போட்ட மாதிரி இரண்டு கால் விரித்து நிற்கும். சிலது மூன்று கால். எங்க ஊரில் அதைக் கவட்டைக் கேரட் என்போம். மார்க்கெட்டில் அதை இரண்டாம் தரமாக ஒதுக்கிவிடுவார்கள். ஹோட்டலுக்கும் மெஸ்ஸுக்கும் போவது பெரும்பாலும் அதுதான். ருசி ஒன்றுதான், விலைதான் பாதி.

போன வருஷம் அப்படி நாலு மூட்டை கவட்டைக் கேரட்டை உருவாக்கியவன் நான். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. தமிழில் இவ்வளவு நீளமாக நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். எழுத்துப்பிழையை எடிட்டர் குழு பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர் கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் ரோட்டில், பூம்பாறையைத் தாண்டி இருக்கு. பூம்பாறை வியூ பாயின்டில் நின்று நீங்களும் போட்டோ எடுத்திருப்பீங்க. பச்சைப் படிக்கட்டை மலை மேல் விரித்து வைத்த மாதிரி தெரியுமே, அதெல்லாம் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போட்டோவில் அழகாகத் தெரியும் அந்தக் கோடுகள் எல்லாம் ஒருத்தர் மம்பட்டி பிடித்து வெட்டியவை என்பது, அங்கேயே வளர்ந்த எனக்கே ரொம்ப லேட்டாகத்தான் உறைத்தது.

எங்களுக்கு இருப்பது பத்திரத்தில் 20 சென்ட். கல்கட்டு, சரிவு, நடைவழி எல்லாம் போக வெள்ளாமைக்கு மிஞ்சுவது ஆறு படி. ஒவ்வொன்றும் சுமார் 25 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் அகலம். நிலம் அப்பத்தா பேரில் இருக்கு. அப்பா கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறார். ரெண்டு வருஷமா அப்பாவிடம் ஒரே பேச்சுதான். "காட்டேஜ் கட்டக் கேக்குறாங்கம்மா. மாசம் மாசம் வாடகை வரும். மம்பட்டி பிடிச்சு என்னத்தக் கண்ட?" அப்பத்தா பதிலே சொல்லாது. முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போயிடும்.

ஆறாவது செமஸ்டர் முடிந்து ஜூனில் ஊருக்குப் போனபோது நான் ஒரு முடிவோடு போனேன். இந்த நிலத்தில் லாபம் காட்டணும். அப்பா வாயை அடைக்கணும். கையில் லேப்டாப் இருக்கு, ஆப்டிமைசேஷன் எலெக்டிவில் 'ஓ' கிரேடு வாங்கியிருக்கேன், வேறென்ன வேணும்?

பிரச்சினையை இப்படி எழுதினேன். படியின் அகலம் 330 செ.மீ. அதில் செடி நிற்கும் பாத்தி எவ்வளவு, மனுஷன் நடக்கும் பாதை எவ்வளவு? பாதையில் எதுவும் விளையாது. அதனால் பாதை என்றால் வேஸ்ட். வேஸ்ட்டைக் குறைத்தால் விளைச்சல் கூடும்.

யூடியூப் பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயமாக இருக்கலாம். சின்னக் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் உலகம் முழுக்க இந்த அகலத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்காவில் எலியட் கோல்மன், கனடாவின் கியூபெக்கில் ஜான்-மார்ட்டின் ஃபோர்ட்டியே, இவர்கள் கட்சி 30 அங்குலப் பாத்தி, அதாவது சுமார் 75 செ.மீ. ஃபோர்ட்டியே ஒன்றரை ஏக்கரில் குடும்பம் நடத்திக் காட்டியவர். அவர் பாத்திக்கு நடுவே விடும் பாதை 18 அங்குலம், ஏறக்குறைய 45 செ.மீ. அதை என் படியில் போட்டுப் பார்த்தேன். மூன்று பாத்தி, நடுவில் இரண்டு பாதை, மொத்தம் 315 செ.மீ. அளவு என்னவோ அழகாக உட்கார்ந்தது. ஆனால் 90 செ.மீ. பாதைக்கே போய்விடுகிறதே! எனக்கு வயிறு எரிந்தது.

எதிர்க்கட்சியில் ஜான் ஜீவன்ஸ். கலிஃபோர்னியாக்காரர். 1974-இல் வந்த அவருடைய புத்தகத்தில் 5 அடி அகலப் பாத்தி வரும். மண்ணை இரண்டு மடங்கு ஆழத்துக்குக் கிளறிவிட்டுச் செடிகளை நெருக்கமாக நட வேண்டும். இவர்தான் என் ஆள் என்று முடிவு பண்ணினேன். 150 செ.மீ.-இல் இரண்டு பாத்தி, நடுவில் 30 செ.மீ. பாதை ஒன்று. கூட்டினால் சரியாக 330. ஓரத்தில் ஒரு இஞ்ச்கூட மிச்சமில்லை. 91 சதவீதம் பாத்தி! ஸ்ப்ரெட்ஷீட்டில் அந்த செல்லுக்குப் பச்சைக் கலர் அடித்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

அப்பத்தா கேட்டது ஒரே கேள்விதான். "எல்லாம் சரிய்யா. ஆளு எங்குட்டு நிக்கும்?"

"நடுவுல பாதை விட்டிருக்கேன்ல அப்பத்தா."

கொஞ்ச நேரம் நிலத்தையே பார்த்துக்கிட்டிருந்தது. அப்புறம் சொன்னது: "மூணு படி நீ எடுத்துக்க. மூணு படி எனக்கு இருக்கட்டும்." அந்த வருஷம் சீட்டு எடுத்த பணத்திலிருந்துதான் விதைக்கும் கூலிக்கும் கொடுத்தது. அப்போது அது எனக்குப் பாதி நம்பிக்கையாகப் பட்டது. இன்றைக்கு யோசித்தால், லேபில் நாம் வைக்கும் கன்ட்ரோல் சாம்பிள் அதுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட அப்பத்தா, எக்ஸ்பெரிமென்ட் டிசைனில் எனக்கு மேல்.

என் மூன்று படியிலும் மண்ணை ஓரம் வரை கொத்தினோம். கீழ்ப்படிக்கு மேலே விளிம்பில் புல் மண்டிக் கிடந்த ஒரு வரப்பு இருந்தது, அதையும் கொத்திப் பாத்தியில் சேர்த்தேன். மலைப் பக்கம், அதாவது மேல்கட்டின் அடியில், ஒரு முழம்கூட இல்லாத வாய்க்கால் ஒன்று ஓடியது. கோடையில் காய்ந்து கிடந்ததால் அதையும் மூடினேன். மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து ஆட்டுப்புழுக்கை வாங்கிப் போட்டு, கேரட் விதையைத் தூவிவிட்டு காலேஜுக்கு பஸ் ஏறினேன்.

ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை போனேன். கேரட் வெள்ளாமையில் பெரிய வேலையே அப்போதுதான் வரும். நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கிக் கலைத்துவிடணும், கூடவே களையும் எடுக்கணும். எல்லாம் கைவேலை, குத்தவைத்துச் செய்யும் வேலை. நாலு அக்காக்கள் வந்தார்கள். அப்பத்தாவின் மூன்று படியையும் ஒரே நாளில் முடித்தார்கள். என் மூன்று படிக்கு இரண்டு நாள் ஆனது. இரண்டாவது நாள் மதியம் ஒரு அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "தம்பி, இந்தப் பாத்திய யாரு அளந்தா?" என்று கேட்டார். நான் போனை நோண்டுகிற மாதிரி நடித்தேன்.

விஷயம் இதுதான். குத்தவைத்து உட்கார்ந்து கையை நீட்டினால் விரல் வேலை செய்கிற தூரம் 50, 55 செ.மீ. அதற்கு மேல் போனால் கை எட்டும், ஆனால் இரண்டு விரலால் ஒரு நாற்றை மட்டும் பிடுங்குகிற நுணுக்கம் வராது. இரண்டு பக்கமும் பாதை இருந்தால்கூட 150 செ.மீ. பாத்தியின் நடு எட்டாது. என் டிசைனிலோ பாதை ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கம் ஒரு பாத்திக்குக் கல்கட்டு, இன்னொன்றுக்கு ஆறடிப் பள்ளம். அதனால் அவர்கள் பாத்திக்குள்ளேயே கால் வைத்து ஏறி உட்கார்ந்தார்கள். வேற வழி?

60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றால் பாதத்தின் கீழ் அழுத்தம் ஏறக்குறைய 40 கிலோபாஸ்கல் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், தப்பிருந்தால் சொல்லுங்கள். கொத்திப் பொலபொலவென்று விட்ட ஈர மண்ணுக்கு அது போதும். மண்ணுக்குள் இருக்கும் காற்றுத் துளைகள் நசுங்கிவிடும். கேரட்டின் ஆணிவேர் நேராக இறங்கி வந்து அந்த இறுகிய இடத்தில் முட்டும். முட்டினால் பிரியும்.

அக்டோபர் முதல் வாரம் அறுவடை. என் படியில் கேரட்டைப் பிடுங்கிப் பிடுங்கி அந்தந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு வந்தோம். பாதி தூரம் போனபிறகு திரும்பிப் பார்த்தேன். நேரான கேரட் ஒரு பட்டை, கவட்டை ஒரு பட்டை, மறுபடி நேரானது ஒரு பட்டை. ஜூலையில் அக்காக்கள் நடந்த தடம் அப்படியே தெரிந்தது. நான் பாதை விடாத இடத்தில் அவர்கள் கால்கள் பாதை போட்டிருந்தன, அதுவும் விதை போட்ட மண்ணுக்கு மேலே. 91 சதவீதம் என்று நான் பச்சைக் கலர் அடித்தது பொய்.

என் மூன்று படியில் 11 மூட்டை, அதில் 4 கவட்டை. அப்பத்தாவின் மூன்று படியில் 9 மூட்டை, அதில் கவட்டை ஒன்று. நல்ல மூட்டை எனக்கு 7, அப்பத்தாவுக்கு 8. எனக்குக் கூலி இரட்டிப்பு. அப்பா எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு காமெடிக் கதை. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான் ஹாஸ்டலில் இன்டர்வியூவுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா போட்டோ அனுப்பினார். என் இரண்டாவது படியின் கல்கட்டு சுமார் மூன்று மீட்டர் நீளத்துக்கு வயிறு தள்ளிச் சரிந்து, மண்ணோடு முதல் படியில் போட்டிருந்த பீன்ஸ் மேல் கிடந்தது. கேப்ஷன் எதுவும் இல்லை.

பிறகுதான் படித்தேன். மழை அதிகமான மலைகளில், நீலகிரி மாதிரி இடங்களில், படிநிலத்தை மலைப் பக்கமாகச் சரித்துத்தான் வெட்டச் சொல்கிறார்கள். தண்ணீர் வெளி விளிம்புக்கு ஓடாமல் உள்ளே வரும். மேல்கட்டின் அடியில் இருக்கும் வாய்க்கால் அதை வாங்கிப் பக்கவாட்டில் கொண்டுபோய் விடும். நான் "வேஸ்ட்" என்று மூடினது அந்த வாய்க்காலைத்தான். வெளி விளிம்பில் புல்வேர் பின்னிப் பிடித்திருந்த வரப்பையும் கொத்தி எடுத்துவிட்டேன். உள்ளே போக வழியில்லாத தண்ணீர், தளர்ந்த மண்ணுக்குள் இறங்கிக் கல்கட்டின் முதுகில் சாய்ந்தது. சிவில் நண்பர்கள் இப்போது சிரிப்பீர்கள். ரிடெயினிங் வாலுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு மூன்றாவது செமஸ்டரிலேயே சொல்லியிருப்பார்கள். கல்கட்டைத் திரும்ப அடுக்க 14,000 ரூபாய். அதுவும் அப்பத்தாவின் சீட்டுப் பணத்தில்தான் போனது.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனேன். அப்பத்தா முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அது ஒண்ணும் கேட்கவில்லை. "டேப்பு வச்சிருக்கியாய்யா? வா, என் படிய அள," என்றது.

உள்வாய்க்கால் 30. பாத்தி 105. நடுப்பாதை 60. பாத்தி 105. விளிம்பு வரப்பு 30. கூட்டிப் பார்த்தேன், 330.

105-இல் பாதி 52. குத்தவைத்த அப்பத்தாவின் கை எட்டும் தூரம். வாய்க்கால் ஓரமும் வரப்பும் உட்கார்ந்து வேலை பார்க்க இல்லை, ஒரு பாதம் வைத்து எட்டிக்கொள்ள. நடுப்பாதை 60 ஏன் என்றால், ஆள் குத்தவைத்துப் பக்கத்தில் கூடையும் வைக்கணும், பின்னால் இன்னொருத்தர் மூட்டையோடு தாண்டிப் போகணும். பாத்தி 64 சதவீதம்தான். ஆனால் அந்த 64-இல் யார் காலும் படாது. இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்கு, "எங்க மாமியா கையி என்னைய விட நீளம். அவுக இருந்தப்ப பாத்தி இன்னும் அகலம்," என்றது.

எனக்கு அது ஒரு அதிர்ச்சி. பரம்பரை பரம்பரையாக வந்த மாறாத அளவு என்று நான் ஒரு செகண்ட் ரொமான்டிக்காக நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. அப்பத்தா வீட்டுக்கு மருமகளாக வந்தபிறகு வேலை பார்ப்பது யார் என்று பார்த்து அகலத்தை மாற்றியிருக்கு. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் முன்னே படித்ததை எல்லாம் மறுபடி படித்தேன். கோல்மனின் 30 அங்குலம் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு ஆள் பாத்தியின் இரு பக்கமும் கால் வைத்துத் தாண்டி நிற்கலாம் என்பது ஒரு காரணம். அந்த அகலத்துக்கேற்ற விதைக்கும் கருவிகளும் கிளறும் கருவிகளும் அவர்களிடம் இருப்பது இன்னொரு காரணம். நமக்கு அந்தக் கருவி இல்லை, நம் அக்காக்கள் நின்று குனிந்து வேலை செய்வதைவிடக் குத்தவைத்துச் செய்வதே அதிகம். அப்புறம் அந்த அளவு மட்டும் எதற்கு? ஜீவன்ஸும் என்னை ஏமாற்றவில்லை. பாத்திக்குள் போக வேண்டியிருந்தால் பலகை போட்டு அதன்மேல் நில், மண்ணை மிதிக்காதே என்று தெளிவாகச் சொல்கிறார். நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். 19-ஆம் நூற்றாண்டு பாரிஸில் காய்கறி போட்டவர்கள் இடம் பத்தாமல் பாதையை மிகவும் ஒடுக்கினார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை, தள்ளுவண்டி போகாது, எல்லாவற்றையும் முதுகில் கூடை கட்டித்தான் சுமக்கணும். நம் வேளாண் பல்கலைக்கழகம் சொட்டுநீர்த் தக்காளிக்கு 120 செ.மீ. மேட்டுப்பாத்தி, இடையே 30 செ.மீ. என்று சொல்கிறது. அதுவும் சரிதான். சமதளம், உயரமான செடி, விளிம்பிலிருந்து எட்டிப் பறித்தால் போதும், கேரட் மாதிரி அங்குலம் அங்குலமாக விரல் விட வேண்டாம்.

ஆக, உங்களில் யாராவது மாடியிலோ ஊரிலோ தோட்டம் போடப்போகிறீர்கள் என்றால், ஏரியா கணக்கை முதலில் போடாதீர்கள். வேலை செய்யப்போகிறவரை உட்காரவைத்துக் கை எட்டும் தூரத்தை அளங்கள். அதை இரண்டால் பெருக்கினால் பாத்தி. அவர் கூடையை, வண்டியை, பாதத்தை அளந்தால் பாதை. தண்ணீர் எங்கே போகும் என்று பார்த்து அதற்கும் இடம் விட்டபிறகு, மிச்சத்துக்கு ஸ்ப்ரெட்ஷீட் திறங்கள்.

என் பங்குக்கு நான் ஒன்று செய்தேன். நைலான் கயிறு ஒன்றை எடுத்து 30, 105, 60, 105, 30 என்று முடிச்சுப் போட்டு இரண்டு முனையிலும் முளைக்குச்சி கட்டினேன். ஒவ்வொரு படியிலும் விரித்தால் போதும், டேப் வேண்டாம். அப்பத்தாவுக்கு அது பிடித்திருந்தது. என் மூன்று படியிலும் வாய்க்காலைத் திரும்ப வெட்டினோம், விளிம்பில் புல் கரணை நட்டோம். மூன்றாவது படியில் கயிற்றை விரித்தபோது அப்பத்தா நடுப்பாதையில் குத்தவைத்துப் பார்த்தது. எழுந்திருக்க முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "முட்டி இப்பல்லாம் கேக்க மாட்டேங்குதுய்யா," என்று சிரித்தது.

வீட்டிலிருந்து முக்காலி ஒன்று கொண்டுவந்தேன். அதில் உட்கார்ந்தால் வேலை பார்க்க முடியுது. ஆனால் 60-க்குள் முக்காலியும் காலும் கூடையும் அடங்கவில்லை. 75 ஆவது வேணும். நானே முடிச்சை அவிழ்த்து மாற்றிப் போட்டேன். இரண்டு பாத்தியிலும் ஏழரை செ.மீ. குறைந்தது. பாத்தி 59 சதவீதம். ஜூனில் இருந்த நான் இதைப் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பேன்.

இப்போது பூண்டு நிற்கிறது. எனக்கு சென்னையில் ஒரு கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கு, ஜூலையில் சேரணும். அப்பா மறுபடி காட்டேஜ் பேச்சை எடுத்தார். இந்தத் தடவை கோபமாக இல்லை, உண்மையாகவே கேட்டார். "நீயும் போயிட்டா யாருடா பாக்கிறது? அம்மாவால எத்தனை நாளைக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. சம்பளத்தில் ஆள் கூலி அனுப்புகிறேன் என்றேன். வாரக் கடைசியில் வருகிறேன் என்றேன். சென்னையிலிருந்து வத்தலக்குண்டு வந்து, அங்கிருந்து மலை ஏறி எங்க ஊருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்பா சும்மா கயிற்றை எடுத்து விரித்துப் பார்த்தார். பாதையில் உட்கார்ந்து கையை நீட்டினார். அவர் கை என்னைவிட நீளம், பாத்தியின் நடுவைத் தாண்டிப் போனது. "எனக்கு இது பத்தாதே," என்றார்.

அப்பத்தா முறத்தோடு வெளியே போகவில்லை. அங்கேயே நின்றது.

அந்த முடிச்சுகளை அடுத்த வருஷம் யார் கைக்கு அளந்து போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. கயிறு இப்போதைக்குத் திண்ணை ஆணியில் தொங்குது.